பழைய பசையும் ஒரு பட்டப்பெயரும்

1

பங்குனி பிறந்துவிட்டால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். எட்டு வருஷத்துக்கு முன், யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது, ஒரு பங்குனியில்தான் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குத் தோணி ஏறினேன். ஊரை விட்டு வந்தவர்கள் எழுதுகிற குறிப்புகளை நானும் படிக்கிறேன். ஊர்க் காற்று, ஊர்த் தண்ணீர் என்று உருகி வடிகிறார்கள். தூத்துக்குடித் தண்ணீரை நினைத்து உருகுகிறவன் அதைக் குடித்தே இருக்க மாட்டான். நான் குடித்திருக்கிறேன். வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும். ஆகையால் உருக்கம் வேண்டுகிறவர்கள் அடுத்த பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம்.

இங்கே என் பிழைப்பு தரையில். வீட்டுச் சாமான் விற்கும் ஒரு பெரிய கடைக்காக, வாங்குகிறவர்களின் வீட்டிலும் ஆபீஸிலும் லினோலியம் விரித்துக் கொடுக்கிறேன். கித்தான் துணியில் எண்ணெய்ப் பூச்சுப் பூசி, பூப்போட்டு, பாய்போலச் சுருட்டி வரும் விரிப்பு அது. தூத்துக்குடிக் கடைத்தெருவில் அதற்குக் கப்பல் பாய் என்று பெயர். கப்பல் அறைகளில் அதைத்தான் ஒட்டியிருப்பார்கள்.

விரிப்பது ஒரு வேலையே இல்லை. கண் இருக்கிற எவனும் விரிப்பான். பழையதைக் கிழித்த பிறகு தரையில் அப்பிக்கொண்டு நிற்கிறதே பசை, அதை எடுப்பதுதான் வேலை. மாவுப் பசை என்றால் நல்லவன். ஈரச் சாக்கைப் போட்டு ஊறவைத்தால் குழைந்து வந்துவிடும். தார்ப் பசை அப்படி வராது. வெயில் ஏறினால் இளகி, கருப்பட்டிப் பாகு மாதிரி இழுத்துக்கொண்டே போகும். சுரண்டச் சுரண்டத் தரை முழுக்கப் பரவும். தரை குளிர்ந்திருக்கும் விடியற்காலையில், கதவு ஜன்னலை எல்லாம் அடைத்துக்கொண்டு, சுரண்டுகிற இரும்புத் தகட்டைச் சாய்த்துத் தட்டினால் ஓடு ஓடாகப் பெயரும். மிச்சத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, மரத்தூளைத் தூவிக் கூட்டி எடுக்க வேண்டும்.

"இதுக்கு ஏன் இந்தப் பாடு, மேலேயே ஒட்டிவிட்டுப் போயேன்" என்று சொல்லாத வீட்டுக்காரன் இல்லை. ஒட்டலாம். ஒரு மழைக்காலம் தாங்கும். அப்புறம் அடியில் இருக்கிற ஒவ்வொரு கட்டியும் மேலே தெரியும், கால் வைக்கிற இடமெல்லாம் தட்டும். அப்போது என்னைத்தான் திட்டுவான்.

இந்த வருஷம் மாசி மாதம் என் சொந்த வீட்டுத் தரையைச் சுரண்டும்படி ஆயிற்று. வாடகை வீடுதான். நாங்கள் குடிவருவதற்கு முன்பே எவனோ ஒரு புண்ணியவான் தார்ப் பசை போட்டு ஒட்டிய விரிப்பு, பூவெல்லாம் தேய்ந்து கிழிந்து கிடந்தது. ஊரான் வீட்டுத் தரையெல்லாம் கண்ணாடி மாதிரி இருக்க, என் வீட்டுத் தரை அப்படி. எனக்கு அது உறைத்ததே இல்லை. என் மனைவி செல்லக்கனிக்குத் திடீரென்று உறைத்தது. காரணம், என் அண்ணன் வருகிறார் என்ற செய்தி.

செய்தி கொண்டுவந்தவன் சவரிமுத்து. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் சரக்குத் தோணி ஓட்டுகிற தண்டல். என்னை ஏற்றி வந்ததும் அவன் தோணிதான். இத்தனை வருஷத்தில் ஊர்க்காரர்களில் அவனோடு மட்டும் பேச்சு வைத்திருந்தேன்.

"அண்ணாச்சி அடுத்த தோணில வாராரு. ஒம்மப் பாக்கணும்னு சொல்லுதாரு" என்றான்.

"எனக்கு அவரப் பாக்காண்டாம்."

"அத நீரே சொல்லிக்கிடும் வே. நான் சரக்கு ஏத்துதவன், சண்டைய ஏத்தமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

2

ஏன் பார்க்க வேண்டாம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் தூத்துக்குடிக்காரன் எவனாவது உங்களுக்குத் தப்பாகச் சொல்லுவான்.

எங்கள் அப்பா என் சின்ன வயதிலேயே போய்விட்டார். என்னை வளர்த்தது அண்ணன் ஆறுமுகம். துறைமுகத்துக்குப் போகும் வழியில் எங்கள் கடை. தொலைவில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்குக் காய்கறி, ஆட்டுக்கறி, கயிறு, விளக்கெண்ணெய் எல்லாம் படகில் அனுப்புவது வியாபாரம். கப்பல் தச்சன் ஒருவன் கொடுத்துவிட்டுப் போன லினோலியத்தை அண்ணன் தார்ப் பசை போட்டுக் கடையில் விரித்திருந்தார். அந்தத் தெருவிலேயே கப்பல் பாய் போட்ட கடை எங்களுடையது ஒன்றுதான். வெள்ளைக்காரக் கப்தான் பூட்ஸ் காலோடு அதில் நடந்து வந்தால் அண்ணனுக்கு முகமெல்லாம் பல்லாகிவிடும்.

அது நைந்துபோனதும் இன்னொரு சுருள் வாங்கிப் பரணில் வைத்திருந்தார். அந்த நேரம் பாஞ்சாலங்குறிச்சிப் பக்கம் மதினி வீட்டில் ஒரு சடங்கு. குடும்பத்தோடு போனார். நான் கடைக்குக் காவல். அவர் திரும்புவதற்குள் புதுப் பாயை விரித்து அசத்திவிட வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. ஆசைப்பட்டது மட்டும்தான் நான் செய்த தப்பு.

தார்ப் பசையை எப்படி எடுப்பது என்று கப்பல் தச்சன் ஒருவனிடம் கேட்டுக்கொண்டேன். ஆவணி வெயில். கதவைத் திறந்தால் தரை சுட்டுப் பசை இளகிவிடும். ஆகவே கடையை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு, சிம்னி விளக்கை வைத்துக்கொண்டு சுரண்டினேன். பக்கத்துக் கயிற்றுக்கடை வெள்ளைச்சாமி அண்ணாச்சி கதவிடுக்கில் எட்டிப் பார்த்தார்.

"என்னலே செய்யுத உள்ள?"

"சுரண்டுதேன் அண்ணாச்சி."

"சுரண்டு, சுரண்டு" என்று சிரித்துக்கொண்டே போனார். அவருக்கும் அந்தச் சடங்குக்கு அழைப்பு இருந்தது. மறுநாள் பந்தியில் அண்ணனுக்குப் பக்கத்து இலை. என் தம்பி என்ன செய்யுதான் என்று அண்ணன் கேட்டிருக்கிறார்.

"ஒம்ம தம்பியா? கடைய அடைச்சுப் போட்டு உள்ள இருந்து சுரண்டுதான் வே. சுரண்டு சுரண்டுன்னுல்லா சுரண்டுதான்!"

நம் ஊரில் கடையைச் சுரண்டுகிறான் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதலாளி இல்லாத நேரம் பார்த்துக் கல்லாவில் கை வைக்கிறான் என்று அர்த்தம். வெள்ளைச்சாமி வேண்டுமென்றே சொன்னாரா, வேடிக்கைக்குச் சொன்னாரா என்பது அவருக்கும் அந்த முருகனுக்கும்தான் வெளிச்சம். அவர்மேல் எனக்குப் பாதிக் கோபம்தான். இலையில் போட்ட சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாரே என் அண்ணன், மீதியும் அதற்கு மேலும் அவர்மேல்தான். சுரண்டுகிறானா, எதைச் சுரண்டுகிறான் என்று ஒரு வார்த்தை திருப்பிக் கேட்கவில்லை. தூக்கி வளர்த்தவர். ஒரு சொல்லுக்கு என்னைத் திருடனாக்கிவிட்டார்.

வந்து கதவை உதைத்தார். திறந்தேன். சட்டையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்தார். துறைமுகத்துக்குப் போகிற வருகிற ஆளெல்லாம் நின்றார்கள்.

"மடிய அவுத்துக் காட்டுலே."

"அண்ணே, என்னண்ணே? நான் என்ன திருடினேன்? எல்லாரும் பாக்காங்க."

"மடியில கனம் இல்லன்னா வழியில ஒனக்கு என்னலே பயம்? அவுரு!"

அவிழ்த்தேன். நடுத்தெருவில் வேட்டியின் மடியைப் பிரித்து உதறினேன். ஒரு பீடியும், சுரண்டியபோது ஒதுக்கி வைத்திருந்த கருப்புப் பசைக்கட்டி ஒன்றும் விழுந்தன. அண்ணன் அந்தக் கட்டியைப் பார்த்தார். கடைக்குள் எட்டிப் பார்த்தார். தரை பாதி வெளுத்துப் பாதிக் கருப்பாக இருந்தது. அவருக்கு விளங்கிவிட்டது. பின்னாலேயே வந்து சேர்ந்த வெள்ளைச்சாமிக்குச் சிரிப்புப் பொங்கிவிட்டது.

"அட கூறுகெட்ட மனுசா, நான் தரையச் சுரண்டுதான்னுல்லா சொன்னேன்!"

தெருவே சிரித்தது. சிரிக்கட்டும், அந்நியர்கள். என் அண்ணனும் சிரித்தார். முதுகில் ஒரு தட்டுத் தட்டி, "சரி சரி, போய் வேலயப் பாருலே சுரண்டி" என்றார்.

அவர் வாயிலிருந்துதான் அந்தப் பெயர் முதலில் வந்தது.

3

தூத்துக்குடியில் பட்டப்பெயர் விழுந்தவன் அதோடுதான் சுடுகாட்டுக்குப் போக வேண்டும். பெற்றவர்கள் வைத்த பெயர் தங்கராசு. அது ரேஷன் கடையில் மட்டும் செல்லுபடியானது. மற்ற இடத்திலெல்லாம் சுரண்டி. டீக்கடையில் "சுரண்டிக்கு ஒரு டீ" என்பார்கள். கோவில் கொடைத் திருவிழாவுக்குப் போனால் "சுரண்டி வாரான், உண்டியல எடுத்து உள்ள வை" என்று ஒருவன் சொல்ல, நாலு பேர் பெருமாள் மாடு மாதிரித் தலையை ஆட்டிச் சிரிப்பார்கள். எனக்குப் பார்த்திருந்த பெண் வீட்டார், பையனுக்கு ஏன் அப்படி ஒரு பெயர் என்று விசாரித்துவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பது சரி. வீட்டு வாயையாவது மூடியிருக்கலாமே!

அவர் மூடவில்லை. கடைக்கு வருகிற ஒவ்வொரு ஆளிடமும் அந்தக் கதையைச் சொன்னார். கைகால் வைத்து, குரல் மாற்றி, என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திவைத்துக்கொண்டு சொன்னார். தான் அவசரப்பட்ட கதையாக அவர் அதைச் சொல்லவே இல்லை. தம்பி கடையைச் சுரண்டின கதையாகத்தான் சொன்னார். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேன்.

"இந்தக் கதைய விட மாட்டீங்களாண்ணே?"

"வெளையாட்டுல்லாலே! இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்குதியே."

அன்றைக்குத்தான் சொன்னேன். "இனி ஒங்களுக்கும் எனக்கும் ஒட்டும் இல்ல, ஒறவும் இல்ல." சவரிமுத்துவின் தோணியில் வெங்காய மூட்டைகளுக்கு நடுவே படுத்துக்கொண்டு வந்தேன். வழி முழுக்கக் குமட்டல். தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்கிறார்களே, அண்ணன் உடையான் என்ன செய்வான் என்று எவனும் சொல்லிவைக்கவில்லை.

4

கொழும்பில் அந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. தெரியாமல் வைத்திருப்பதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நம் ஊர்க்காரர்கள் கூடுகிற இடங்களுக்கு நான் போவதில்லை. சவரிமுத்துவிடம் ஆரம்பத்திலேயே சத்தியம் வாங்கிவிட்டேன். செல்லக்கனி இங்கேயே பிறந்து வளர்ந்தவள், அவளுக்கும் சொல்லவில்லை.

சுதந்திரம் வந்த பிறகு இங்கே நம்மைப் போன்றவர்களுக்குப் பிரஜா உரிமைக்காக ஆபீஸ் படி ஏறுவதே வேலையாகிவிட்டது. நீ எந்த ஊர்க்காரன், எப்போது வந்தாய், ஏன் வந்தாய். ஏன் வந்தாய் என்று கேட்டால் நான் என்ன சொல்ல? மேசைக்குப் பின்னால் இருந்த ஆள் என் பெயரைக் கேட்டான், அப்பன் பெயரைக் கேட்டான். பிறகு தலை நிமிராமல், "வேறு பெயர் ஏதும் உண்டா?" என்றான்.

நான் அவன் மைக்கூட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். கடலைத் தாண்டி வந்தும் கேட்கிறார்களே! "இல்லை" என்றேன். அவன் சந்தேகமாக நிமிர்ந்து பார்த்தான். இல்லை என்று சொல்ல அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டால் எவனும் பார்ப்பான். நாலு தடவை மறுபடி வரச் சொல்லி அலைக்கழித்தான்.

என் மகள் புஷ்பத்துக்கு ஆறு வயது. பள்ளிக்கூடத்தில் யாழ்ப்பாணத்து டீச்சர், தெருவில் சிங்களப் பிள்ளைகள். அவள் வாயில் நம் ஊர்த் தமிழ் ஒரு சொட்டு இல்லை. நான் அங்கன, இங்கன என்றால் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். பேசுவதைக் கதைப்பது என்கிறாள். ஆரம்பத்தில் எரிச்சல் எரிச்சலாக வரும். ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரி அவளிடம் அப்பா எங்கே என்று கேட்க, "அப்பா உள்ளே நிலத்தை விறாண்டுறார்" என்றாள். தரையை இவர்கள் நிலம் என்கிறார்கள். சுரண்டுவதை விறாண்டுவது என்கிறார்கள். அன்றைக்கு எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா! என் தொழிலுக்கு இந்த ஊரில் வேறு சொல் இருக்கிறது. அந்தச் சொல்லில் திருட்டு வாடை இல்லை. இவள் எந்தத் தமிழ் வேண்டுமானாலும் பேசிக்கொள்ளட்டும், அந்த ஒரு பெயர் மட்டும் இவள் காதில் விழக் கூடாது என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். அப்பனைச் சுரண்டி என்று கூப்பிடுகிற தெருவில் என் பிள்ளை நிற்கக் கூடாது. இந்தக் கொழும்பில் நான் சம்பாதித்த ஒரே சொத்து அதுதான்.

அதைக் கெடுக்கத்தான் அண்ணன் தோணி ஏறி வந்தார்.

5

செல்லக்கனி பிடிவாதமாக என்னையும் பிள்ளையையும் துறைமுகத்துக்கு அனுப்பிவைத்தாள். "பெரியவங்க வாறாங்க, ரோட்டில நிக்கவிடக் கூடாது" என்றாள். துறைமுக வாசல் கம்பிக்கு வெளியே நின்றோம். அண்ணன் இறங்கி வந்தார். தலை நரைத்து, தோள் ஒடுங்கி, பெட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு வந்தார். இன்னொரு கையை இடுப்பிலேயே வைத்திருந்தார். அந்தக் கைதான் வினை. வாசல் காவல்காரன் கவனித்துவிட்டான்.

காவல்காரன் சிங்களத்தில் ஏதோ கேட்டான். அண்ணனுக்கு விளங்கவில்லை. அவன் இடுப்பைக் காட்டினான்.

"ஏ, மடியில கை வைக்காத! நான் யாரு தெரியுமா? தூத்துக்குடில வந்து கேட்டுப் பாரு!"

அவன் ஏன் தூத்துக்குடிக்குப் போய்க் கேட்கிறான்? சத்தம் போட்டதும் சந்தேகம் வலுத்துவிட்டது. அவிழ் என்று கையைக் காட்டினான். மூட்டை தூக்குகிறவர்கள், தோணிக்காரர்கள், சவரிமுத்து, எல்லாரும் நின்றார்கள். எனக்குச் சிங்களம் தெரியும். அந்தக் காவல்காரனையும் தெரியும். அவன் அதிகாரி வீட்டுத் தரை என் கையால் போட்டது. இவர் என் அண்ணன் என்று ஒரு வார்த்தை சொன்னால் விட்டிருப்பான். நான் சொல்லவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றேன்.

அண்ணன் மடியை அவிழ்த்தார். இலையில் மடித்த திருச்செந்தூர்த் திருநீறு விழுந்தது. கூடவே சலங் என்று ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசு விழுந்தது. தீர்வை கட்டாமல் கொண்டுவந்துவிடலாம் என்று மடியில் செருகியிருக்கிறார்! காவல்காரன் கொலுசைத் தூக்கிப் பிடித்து ஆட்டினான். கூட்டம் கொல்லென்று சிரித்தது. என் பக்கத்தில் புஷ்பமும் கைதட்டிச் சிரித்தாள். அவன் அந்தச் சின்னப் பிள்ளைக் கொலுசைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு, போ போ என்று திருப்பிக் கொடுத்துவிட்டான்.

பொய் சொல்ல மாட்டேன். இனித்தது. எட்டு வருஷமாக அந்தக் காட்சிக்காகக் காத்திருந்த மாதிரி இருந்தது.

வெளியே வந்தவர் மடியை இறுக்கிச் செருகிக்கொண்டார். முதல் பேச்சே இதுதான்.

"நான் என்னலே திருடினேன்? எல்லாரும் பாக்காங்க."

"அதத்தான் அண்ணே நானும் எட்டு வருசமாக் கேக்கேன்."

அவர் என்னைப் பார்த்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் பின்னால் நடந்தார். டிராம் வந்தது. ஏறும்போது நான் ஒன்றுதான் சொன்னேன். "எம் பிள்ள முன்னால அந்தப் பேர எடுத்தீங்கன்னா அடுத்த தோணிய நீங்க பாக்கணும்."

"எடுக்கல" என்றார்.

6

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், அதை மறைக்கவில்லை. ஆனால் புஷ்பத்துக்கு யாரும் வாய்ப்பூட்டுப் போடவில்லை. கொலுசைக் காலில் மாட்டிக்கொண்டு தெரு முழுக்க ஓடி, பெரியப்பாவின் மடியை அவிழ்த்த கதையை இரண்டு மொழியிலும் சொல்லிவிட்டு வந்தாள். அன்று சாயங்காலமே அவருக்குப் பெயர் விழுந்துவிட்டது. மடிப் பெரியப்பா.

"மடிப் பெரியப்பா, தேத்தண்ணி குடிக்க வாங்கோ!"

தெருப் பிள்ளைகள் ஜன்னலில் தொங்கிக்கொண்டு மடி, மடி என்று கத்தின. செல்லக்கனி ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு விரட்டினாள். நான் விரட்டவில்லை.

மறுநாள் விடியற்காலையில் கதவடைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். அண்ணன் எழுந்து வந்து பார்த்தார். ஊரில் அவர் குனிந்து ஒரு துரும்பை எடுத்து நான் பார்த்ததில்லை. மூலையில் கிடந்த இன்னொரு தகட்டை எடுத்துக்கொண்டு எனக்கு எதிரே குந்தினார்.

"எப்படிலே இதப் பிடிக்க?"

"சாய்ச்சுப் பிடிங்க. குத்தாதீங்க, சிமிட்டி பெயர்ந்துரும்."

கொஞ்ச நேரம் தட்டினார். மூச்சு வாங்கியது. "கதவத் தொறந்தா காத்து வருமே" என்றார்.

"வெயில் வந்தாப் பசை இளகிரும். அடைச்சுப் போட்டுத்தான் செய்யணும்."

கையை நிறுத்திவிட்டு அந்த மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷம் கழித்தா உறைக்கிறது என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை, கேட்டால் பதில் சொல்லிவிடுவார் என்று பயமாக இருந்தது. நான் என் மூலையைச் சுரண்டினேன், அவர் அவர் மூலையைச் சுரண்டினார்.

அப்போது புஷ்பம் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து, "ஐயோ, மடிப் பெரியப்பாவும் நிலத்தை விறாண்டுறார்!" என்றாள்.

"நிலமா? ஏளா, ஒங்க அப்பனுக்கு ஏது நிலம்?" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. அவள் உள்ளே போனதும் குரலைத் தாழ்த்திக்கொண்டு என்னிடம் சொன்னார்.

"ஏலே, அந்தப் பிள்ளையிட்டச் சொல்லி அந்தப் பேச்ச நிறுத்துலே. ஒரு மாதிரி இருக்கு."

இதற்காகத்தானே நான் இந்தத் தகட்டைப் பிடித்துக்கொண்டு உயிரோடு இருக்கிறேன்! நிமிர்ந்து பார்க்காமல் சொன்னேன்.

"வெளையாட்டுல்லாண்ணே."

அதற்குப் பிறகு அவர் அதைக் கேட்கவில்லை. புது விரிப்புப் போட்டு முடித்த மறுநாள் கிளம்பிவிட்டார். இன்னும் கொஞ்ச நாள் இருப்பதாகத்தான் வந்திருந்தார். துறைமுகத்தில் சவரிமுத்துவின் ஆட்கள் எல்லாரும் நிற்க, "தங்கராசு, வாரேம்லே" என்று முழுப் பெயரைச் சத்தமாகச் சொன்னார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். புஷ்பம் என் தோளில் உட்கார்ந்துகொண்டு, "மடிப் பெரியப்பா, போயிட்டு வாங்கோ!" என்று கத்தினாள். தோணிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

7

நேற்று சவரிமுத்து வந்திருந்தான். பங்குனிக் கடைசி, இந்தப் பருவத்தில் அவன் தோணிக்கு இதுதான் கடைசி நடை. புது விரிப்பில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தேத்தண்ணியை உறிஞ்சிக்கொண்டே சொன்னான்.

"ஒம்ம பேரு ஊர்ல போயாச்சு வே."

"எந்தப் பேரு?"

"அதான், அந்தப் பேரு. எவனும் இப்பச் சொல்லுதது இல்ல. அண்ணாச்சிக்குல்லா பேரு விழுந்துட்டு. மடி அண்ணாச்சி."

எனக்கு உள்ளே குளிர்ந்தது. தோணிக்காரப் பயல்கள் கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள் என்று நினைத்தேன். "எவன் போயிச் சொன்னான்?" என்றேன்.

"எவன் சொல்லுவான்? அவருதான். நாங்க மூச்சு விடலயே. கடைக்கு வாரவன் போறவன்ட்ட எல்லாம் அவரே சொல்லுதாரு. மடிய அவுத்த மாதிரிச் செஞ்சு காட்டி, அந்தக் காவக்காரன் கொலுச ஆட்டுன மாதிரி ஆட்டி... தெருவே கெடந்து சிரிக்கு. போன வாரம் நான் நிக்கும்போதே வெள்ளச்சாமி அண்ணாச்சி கேட்டாரு, அந்தப் பேரச் சொல்லி, ஒம்ம தம்பி எப்படி இருக்கான்னு. ஒடனே இவரு, 'அது பழசு வே, தப்பும் எம்மேல. நம்ம மடிக் கதையக் கேளும்'னு ஆரம்பிச்சுட்டாரு. அந்தப் பேர எவன் எடுத்தாலும் விடுதது இல்ல. ஒடனே தன் கதைய எடுத்துப் போட்டு மூடிருதாரு."

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. நேரில் வந்து மன்னிப்புக் கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பேன். அதற்கு வார்த்தைகளெல்லாம் எட்டு வருஷமாகத் தயாராக இருந்தன. என் தரையில் குந்தித் தார் சுரண்டிய மனுஷன் கேட்கவில்லை. ஊருக்குப் போய், என் மேல் ஒட்டியிருந்ததைச் சுரண்டி எடுத்துத் தன் மேல் அப்பிக்கொண்டு, அதையும் சிரித்துக்கொண்டே செய்கிறார். இவரை நான் இனி எப்படிப் பகைப்பது? அந்தப் பகையும் இல்லையென்றால் ஊரிலிருந்து நான் கொண்டுவந்தது வேறு என்ன இருக்கிறது?

செல்லக்கனி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்திருக்கிறது என்று அவள் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. தூசு என்றேன்.

சவரிமுத்து எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். "விடியக்காலம் கெளம்புதோம். அண்ணாச்சிட்ட என்ன சொல்லட்டும்?"

புஷ்பம் கொலுசைக் குலுக்கிக்கொண்டு என் பக்கத்தில்தான் நின்றாள். வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சுரண்டி கேட்டதாச் சொல்லு" என்றேன்.